காலியான கல்லறையும் இரண்டு கல்லறைத் தோட்டங்களும்

பாஸ்கா திருவிழிப்பு இரவில் எங்கள் ஊர்க் கோயிலின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். வெளியே விறகு அடுக்கித் தீ மூட்டி, அந்தப் புதுத் தீயிலிருந்து பெரிய பாஸ்கா திரியைப் பங்குத்தந்தை ஏற்றுவார். அதைத் தூக்கிக்கொண்டு அவர் இருட்டுக்குள் நடந்து வர, ஒரு மெழுகுவத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தீ கைமாறும். கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க வெளிச்சம். பிறகு எரியும் மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி எல்லோரும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்போம். சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, விட்டுவிடுகிறோம் என்றும் நம்புகிறோம் என்றும் சத்தமாகச் சொல்வோம். ஒரு கிறித்தவர் தன் வாயால் தன்னைக் கிறித்தவர் என்று ஆண்டுக்கொரு முறை ஊரறியச் சொல்லும் நேரம் அது.

கடந்த ஈஸ்டருக்கு என் பெரியப்பா மகன் கோயிலுக்கு வந்திருந்தார். ஆனால் மெழுகுவத்தி வாங்கவில்லை. கடைசித் தூணை ஒட்டி நின்றுகொண்டார். அவருடைய ஆறு வயது மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா, ஒனக்கு மெழுகுவத்தி?" என்று கேட்டாள்.

"காத்தடிக்குது பாப்பா, அணைஞ்சிரும்."

கோயிலுக்குள் காற்று இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் இளைஞர் இயக்கத்துப் பையன் ஒருவன் கைப்பேசியில் நேரலை எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் பயந்தது அதற்குத்தான்.

அண்ணன் அரசு ஊழியர். அவருடைய சாதிச் சான்றிதழ் இந்து ஆதிதிராவிடர் என்கிறது. என்னுடையது கிறித்தவ ஆதிதிராவிடர் என்கிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பட்டியல் சாதி அல்ல, பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று பொருள். நாங்கள் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். ஒரே தெரு, ஒரே குழாயடி. டீக்கடையில் எங்கள் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது என் அப்பா ஞானஸ்நானப் பெயரைக் கொடுத்தார், பெரியப்பா வேறு பெயரைக் கொடுத்தார். இரண்டு சகோதரர்கள் தலைமையாசிரியர் முன்னால் எடுத்த இரண்டு முடிவுகளில் நான் ஒரு வகுப்பாகவும் அண்ணன் இன்னொரு வகுப்பாகவும் ஆனோம். ஊர்ப் பெயரையும் மறைமாவட்டத்தையும் சொல்லாமல், சில அடையாளங்களை மாற்றி எழுதுவதற்கு இதுதான் காரணம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கிறித்தவர்கள் 2.3 விழுக்காடு, இந்துக்கள் 79.8 விழுக்காடு. இவ்வளவு பெரிய பெரும்பான்மைக்கு நடுவே கிறித்தவராக ஈஸ்டர் கொண்டாடுவது எப்படி இருக்கும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எந்தக் கிறித்தவருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். எங்கள் ஊரில் சாதிக் கிறித்தவர் வீட்டில் ஈஸ்டர் என்பது புதுத்துணியும் விருந்தும். எங்கள் தெருவில் அது நாற்பது நாள் விட்டிருந்த மாட்டுக்கறியும், யார் பார்க்கிறார்கள் என்ற பயமும்.

அந்தப் பயத்தின் வேர் 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் வெளியிட்ட அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். பழங்குடியினருக்கு இப்படியொரு மதத் தடை கிடையாது. கிறித்தவரான பின்னும் ஒரு பழங்குடி பழங்குடியாகவே இருக்கலாம். தலித் மட்டும் ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதும் சட்டப்படி சாதியற்றவராகிவிடுகிறார். அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதென்று எங்கள் ஊர்ச் சாதிக் கிறித்தவர்கள்கூட நம்புவதில்லை.

இதை ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தார். சென்னை ராயப்பேட்டைப் பகுதியில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்த தொழிலாளி சூசை. சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது கிறித்தவ ஆதிதிராவிடரான அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதே கடுமையான பின்தங்கிய நிலை கிறித்தவச் சூழலிலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது. போதிய சான்று இல்லையென்று மனு தள்ளுபடியானது. அதே நடைபாதையில், அதே தொழில் செய்த மனிதரிடம் அதற்குமேல் என்ன சான்று இருந்திருக்க முடியும்?

2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. அவர் ஞானஸ்நானம் பெற்றதும், தொடர்ந்து தேவாலயம் போவதும் அங்கே அவருக்கு எதிரான ஆதாரங்களாக வைக்கப்பட்டன. அண்ணன் தூணுக்குப் பின்னால் நின்றது வீண் பயத்தால் அல்ல. கையில் மெழுகுவத்தியோடு இருக்கும் ஒரு படம் அவருடைய வேலையைக் கேள்விக்குள்ளாக்கும்.

அவர் செய்வதும் மோசடிதானே என்று கேட்பவர்கள் உண்டு. கோயிலுக்குப் போவதை விட்டால் அவருடைய நம்பிக்கை போகும். சான்றிதழை விட்டால் மகளின் படிப்பு போகும். தீண்டாமையை இரண்டு பக்கமும் அனுபவிக்கும் ஒருவரிடம், உன் கடவுளா உன் உரிமையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லும் சட்டத்தை நேர்மையானது என்றும் அவரை மோசடிக்காரர் என்றும் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் மெழுகுவத்தியைப் பிடித்தேன். ஆனால் அதற்கு என் குடும்பம் கொடுத்த விலை தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எனக்கு இல்லை. தனித்தொகுதியில் நான் நிற்க முடியாது. பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்கவும் முடியாது. என்னைச் சாதி சொல்லித் திட்டுபவனுக்கு நான் கிறித்தவன் என்பது நினைவில் இருப்பதில்லை. அதன் பிறகு சட்டத்திடம் போனால்தான் அது நினைவுக்கு வருகிறது.

இது அரசின் கதை. திருச்சபையின் கதையை நான் பெரிய வியாழனிலிருந்து தொடங்க வேண்டும்.

இயேசு கடைசி இரவு உணவின்போது சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூர்ந்து, அன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு நாற்காலி. கடைசி இரண்டு. பங்கில் பாதிக்கு மேல் நாங்கள்தான். யாரும் இதை எழுதிவைக்கவில்லை, அப்படித்தான் நடந்துவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருத் தாத்தா ஒருவர் நேரத்தோடு போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் உட்கார்ந்தாரா, தெரிந்தே உட்கார்ந்தாரா என்று இன்றைக்கும் சொல்லமாட்டார். ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து குனிந்து, "ஒங்க எடம் அங்க இருக்கே" என்று மெதுவாகச் சொன்னார். அதட்டவில்லை, சத்தம் போடவில்லை. தாத்தா எழுந்தார். கடைசி நாற்காலிக்குப் போகாமல், வாசல் வழியாக நேராக வீட்டுக்குப் போய்விட்டார். பூசை நடந்தது. பதினோரு பேரின் கால்கள் கழுவப்பட்டன. பன்னிரண்டாவது நாற்காலி ஏன் காலியாக இருக்கிறதென்று சாமியார் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளையும் ஊர்க்காரர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு மாலை உயிர்த்த ஆண்டவர் சப்பரம் சுற்றிவரும். நான்கு தெரு சுற்றி, எங்கள் தெரு முக்கில் நின்று, திரும்பிவிடும். தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு என்று ஆண்டுக்கொரு காரணம். நெல் அறுவடை இயந்திரம் வந்து திரும்புகிற தெருவுக்குள் உயிர்த்த ஆண்டவரால் வர முடியாது. கல்லறையிலிருந்து வெளியே வந்தவர் எங்கள் தெருவுக்குள் வர வழியில்லாமல் நிற்கிறார். கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமையைப் பற்றி எழுதும் நம் தோழர்கள், மாதா தேரைப் பற்றியும் சப்பரத்தைப் பற்றியும் அதே வேகத்தோடு எழுதியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஈஸ்டரின் மையச் செய்தியே கல்லறை காலியாக இருந்தது என்பதுதான். எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. செத்தவர்கள் எல்லோரும் ஒன்றாக உயிர்த்தெழுவோம் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். அதுவரைக்கும் தனித்தனியாகப் படுத்திருக்க வேண்டுமாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரித்த சுவரைப் பற்றி நம்மில் பலர் அறிவோம்.

இதெல்லாம் ஏதோ ஒரு கிராமத்தின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கிளைகளோடு கோயிலே கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் கௌசானல் அடிகளார் நடுச்சுவரை இடித்தபோது வெள்ளாளக் கிறித்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது தலித் கத்தோலிக்க வாழ்க்கை வெளியுலகம் படிக்கும் எழுத்தாகவே ஆனது.

எறையூரை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே தனிக் கல்லறை, இறுதி ஊர்வலத்துக்குத் தனி வழி என்றிருந்த நிலையை எதிர்த்துத் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் சாதிக் கிறித்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 23. ஆக, மார்ச் 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த ஆண்டின் வழிபாட்டு முறைப்படி அன்று கோயில்களில் வாசிக்க வேண்டிய நற்செய்தி, இறந்து நான்கு நாளான இலாசரை இயேசு கல்லறையிலிருந்து வெளியே கூப்பிட்ட பகுதி. உலகம் முழுக்க அது வாசிக்கப்பட்ட நாளில், கல்லறைக்குப் போகும் வழியைக் கேட்டவர்களின் கூரை நொறுங்கியது.

அரசு என்னைப் பார்த்து, நீ கிறித்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது. கோயில் என்னைப் பார்த்து, நீ கிறித்தவன்தான், ஆனால் உன் இடம் அங்கே இருக்கிறது என்கிறது. ஒன்று சாதியை மறுத்து உரிமையைப் பறிக்கிறது, இன்னொன்று சாதியைக் காப்பாற்றி மரியாதையைப் பறிக்கிறது. ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் முதுகில் மட்டும் ஒத்துப்போகின்றன.

இதை எழுதப்போகிறேன் என்றதும் நான் மதிக்கும் அருள்தந்தை ஒருவர் சொன்னார்: "எழுதுறது நியாயம்தான். ஆனா இது நேரமில்லயே. வெளிய எப்படி இருக்குன்னு பாக்குறீங்கல்ல?" பார்க்கிறேன். 2014இலிருந்து கிறிஸ்துமஸ் நாள் நல்லாட்சி தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2015இல் தலைமை நீதிபதிகள் மாநாட்டைப் புனித வெள்ளியன்று தொடங்கும்படி வைத்தபோது நீதிபதி குரியன் ஜோசப் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தேவாலயங்கள் எரிக்கப்பட்ட மணிப்பூரில், 2024இல் ஈஸ்டர் ஞாயிறையே வேலை நாளாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். உத்தரப் பிரதேச மதமாற்றத் தடைச் சட்டத்தில் இப்போது ஆயுள் தண்டனை வரை இடமிருக்கிறது. இந்த பயம் உண்மையானது. அதை நான் அந்த அருள்தந்தையோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆனால் நாங்கள் மௌனமாக இருந்ததால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தீண்டாமையின் ஒடுக்குமுறை கிறித்தவ, இஸ்லாமியச் சமூகங்களில் இல்லாததால்தான் 1950 ஆணை அவர்களை விலக்கியது என்றது. அடுத்த ஈஸ்டர், 2023 ஏப்ரல் 9 அன்று, பிரதமர் டெல்லி திருஇருதயப் பேராலயத்துக்கு வந்தார். ஆயர்கள் வரவேற்றார்கள், மரக்கன்று நடப்பட்டது. எங்களுக்குத் தீண்டாமையே இல்லையென்று நீதிமன்றத்தில் சொன்ன அரசின் தலைவரிடம், அது இருக்கிறது ஐயா, எங்கள் கல்லறைத் தோட்டங்களைப் பாருங்கள் என்று சொல்லத் திருச்சபைக்கு எது தடையாக இருந்திருக்கும்? அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தன் சுவரைத் தானே காட்ட வேண்டும் என்பதுதான்.

கோயிலுக்குள் சாதி இல்லை என்று ஆயர்கள் மூடி மறைத்தால் அரசின் வாதம் வலுக்கும். சாதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு இடித்தால் எங்கள் கோரிக்கை வலுக்கும். எனவே உள்ளே பேசுவது வெளியே இருப்பவனுக்கு ஆயுதம் கொடுப்பதாகாது. அவன் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பிடுங்குவதாகும். அம்பேத்கர் 'மதம் மாறியவரின் நிலை' கட்டுரையில் மதம் மாறியவரின் வாழ்க்கையில் கிறித்தவம் உண்மையில் எதை மாற்றியது, சாதியைக் கரைக்க அதனால் முடிந்ததா என்று கேட்டார். அது கிறித்தவத்தின் பகைவர் கேட்ட கேள்வி அல்ல. 1956இல் தானே மதம் மாறியவர் கேட்ட கேள்வி.

இந்தக் கேள்வி திருச்சபைக்குத் தெரியாததல்ல. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டும் மகிழ்ச்சியான செய்திகள்தான். ஆனால் கர்தினாலின் சிவப்புத் தொப்பி ரோமிலிருந்து வந்துவிட்டது, சப்பரம் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய இறையியல் அல்ல. வரும் பெரிய வியாழனில் பன்னிரண்டு நாற்காலிகளும் குலுக்கல் முறையில் நிரப்பப்படட்டும், பெண்களையும் சேர்த்து. 2016இலேயே திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு வழி திறந்துவிட்டார். சப்பரம் முதலில் எங்கள் தெருவுக்கு வரட்டும், பிறகு ஊருக்குப் போகட்டும். கல்லறைத் தோட்டம் ஒன்றாகட்டும், இறந்த வரிசைப்படி புதைக்கட்டும். சாதி பார்க்கும் ஊரில் திருவிழாப் பூசை கிடையாது என்று சொல்லும் அதிகாரம் ஆயருக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்தட்டும். திருச்சபையின் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறித்தவர்களுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை கொடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

சாதியொழிப்புத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை தந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து, பிறகு அதன் காலத்தை நீட்டித்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியையும் தலித் கிறித்தவர்கள் கறுப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். அந்தப் பந்தலில் பெரும்பாலும் கிறித்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். எங்கள் பங்கு வந்தால் உங்கள் பங்கு குறையும் என்று உங்களிடம் சொல்லப்படுகிறது. ஆள் கூடும்போது ஒதுக்கீட்டின் அளவும் கூட வேண்டும் என்பதுதான் நம் இருவரின் கோரிக்கையாக இருக்க முடியும். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளை ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்துகிற கணக்கை நாம் ஏன் நம்ப வேண்டும்?

அன்று இரவு பூசை முடிந்து, அம்மா மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும் அணையாத மெழுகுவத்தியைக் கையிலும் கொண்டுவந்தார். வீட்டில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மகள் தூங்கிப்போயிருந்தாள். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு அந்த மெழுகுவத்தியை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு அவள் ஏழு வயதுப் பிள்ளை. மெழுகுவத்தி எங்கே என்று மறுபடியும் கேட்பாள். கோயிலுக்குள் காற்றடிக்காது என்று அப்போது அவளுக்கே தெரிந்திருக்கும்.